தலைச்சன்

"பேரு?"

"சத்யப்ரியா" என்றாள் மாமியார்.

"வயசு?"

"இருபத்திமூணு நடக்குது." அதையும் மாமியார்தான் சொன்னாள்.

நர்ஸ் லிடியா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மருமகள் குனிந்த தலை நிமிரவில்லை. மாமியார் பாஞ்சாலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், பந்தியில் இடம் பிடிக்க வந்தவளைப் போல.

"முழுகாம இருக்கறது அவங்கதானே? அவங்க சொல்லட்டும். கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

"வெள்ளிக்கெழம" என்று பாஞ்சாலை முந்திக்கொண்டாள். "வாராவாரம் எண்ணெ தேய்ச்சுத்தான் குளிப்பா."

பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு இந்தக் கேள்வி புரியாதா? நடிக்கிறாள் என்று லிடியாவுக்குத் தோன்றியது.

"தூரமானத கேக்கறேன்."

"ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. காலண்டர்ல நான்தான் வட்டம் போட்டுகினு வர்றேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் ஆறு வருஷமாக இதே மேசைதான். மருமகள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழட்டும், அதை வைத்தே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று காத்திருந்த மாமியார்களை லிடியா பார்த்திருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் புரட்டினாள்.

"உனக்கு நெகட்டிவ் ரத்தம்மா. நல்லா கேட்டுக்க. இதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கிக் கலைஞ்சிருந்தா டாக்டருக்குத் தெரியணும். மறைச்சா இப்ப வயித்துல இருக்கற கொழந்தைக்குத்தான் ஆபத்து. கலைஞ்சிருக்கா? கலைஞ்சப்ப அதுக்குண்டான ஊசி போட்டாங்களா?"

"எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாது" என்றாள் பாஞ்சாலை. "இதுதான் தலைச்சன். எழுதிக்குங்க."

"உங்கள கேக்கல."

"யார கேட்டா இன்னா? எனக்குத் தெரியாம அவளுக்கு இன்னா ஆயிருக்கப் போவுது?"

சத்யப்ரியாவின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கின.

"எழுந்து வெளிய போங்கம்மா."

"நான் இருந்தா இன்னா சிஸ்டர் பேஜாரு?"

"போங்கன்னா போங்க. பதில் சொல்லவே வுடமாட்டேன்றீங்க."

பாஞ்சாலை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். அவ்வளவு சுலபமாகப் போனதே சந்தேகமாக இருந்தது. லிடியா எட்டிப் பார்த்தாள். கதவோரம் யாரும் இல்லை. வாசலைப் பார்த்தபடி கடைசி பெஞ்சில் இருந்தாள் பாஞ்சாலை. இருந்தாலும் லிடியா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"இப்ப சொல்லும்மா."

சத்யப்ரியா துப்பட்டா நுனியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி. போளூர்ல. ஊசி எதுவும் போடல. அத்தைக்குத் தெரிஞ்சா என் வாழ்க்கையே போச்சு சிஸ்டர்."

"அவங்களுக்குத் தெரியவராது. டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான்."

எழுதிக்கொண்டு, அவளைப் பக்கத்து அறைக்கு இன்னொரு பரிசோதனைக்காக ரத்தம் கொடுக்க அனுப்பினாள்.

கதவு திறந்ததும் பாஞ்சாலை உள்ளே வந்தாள். மருமகள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எதுனா சொன்னாளா?"

இதைத்தான் லிடியா எதிர்பார்த்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிறுதோறும் கோயிலில் கேட்கிறவள்தான். ஆனாலும் நாக்குக் கூசவில்லை.

"என்ன சொல்லணும்? தலைச்சன்தான்னு சொன்னா. எழுதிட்டேன்."

பாஞ்சாலையின் முகம் சுண்டிப்போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போளூர்ல ஒண்ணு கலைஞ்சிருக்குது சிஸ்டர். அவங்கம்மா என்னாண்ட சொல்லிட்டுத்தான் பொண்ணு குடுத்தாங்க. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வாணாம்."

லிடியா பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள்.

"அவ வந்ததும் இன்னொருவாட்டி கேளுங்க. நான் குறுக்க குறுக்கப் பேசறேன். இந்தவாட்டி இன்னும் நல்லா திட்டித் தொரத்துங்க."