அப்பன் கிளாஸ்

“அப்பன்கிட்ட இருக்கு, அதனால பிள்ளைக்கும் வந்துரும்னு சொல்றே. எங்க வந்திருக்கு? காட்டு பார்ப்போம்!”

கனிமொழி மேசையில் அடித்த அடியில் ஜாஹித்தின் டீ தளும்பியது. ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்து, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சண்டை, கம்ப்யூட்டர் திரையில் இருந்த மூன்று வரி புரோகிராமுக்காக. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். தஞ்சாவூரில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து வெப்சைட் செய்து கொடுப்பவர்கள். கனிமொழியின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அந்த ஊர் விவசாயிகள் சங்கத்தின் அறுவடை மெஷின்களை போனிலேயே புக் பண்ண இவர்கள்தான் செய்து கொடுத்தார்கள்.

காலையில் வந்த போன்தான் அவளை இப்படிக் கொதிக்க வைத்திருந்தது. “கனிமொழிதானம்மா? இரு, இவங்க பேசணுங்கிறாங்க” என்றது, சங்கத் தலைவர் துரைராசுவின் போனில் அவர் மனைவி ஆனந்தவல்லியின் குரல். அடுத்த நொடி தலைவர் பாய்ந்தார்.

“என்னத்தம்மா செஞ்சு குடுத்திருக்கே? நான் புக் பண்ற தேதியெல்லாம் கேன்சல் ஆவுது, உடனே கீழத்தெருக்காரன் பேரு ஏறிடுது! ஓ.டி.பி. என் போனுக்குத்தானே வரும்? உன் தம்பி வளவன்தான் உள்ள பூந்து விளையாடுறான். சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறேன்.”

கீழத்தெரு அவளுடைய தெரு. குத்தகைக்கு எடுத்து அப்பா ரெத்தினம் போட்ட குறுவை நெல், மழையில் சாய்ந்து கிடந்தது. இன்னும் ரெண்டு மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஆனால் வெயில் அடிக்கும் என்று சொன்ன நாளையெல்லாம் துரைராசு தன் பேரிலேயே மடக்கிப் போட்டிருந்தார்.

“அந்தாளு செய்றது அநியாயம், அது வேற” என்றாள் கனிமொழி. “நீ வச்ச ஓட்டைக்கு என் தம்பி ஸ்டேஷன்ல போயி உக்காரணுமா? ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா ஃபங்ஷன் எழுதுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். யாரு கேன்சல் பண்ணலாம், யாரு கூடாதுன்னு அங்கயே கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். நீதான் எல்லாத்தையும் சுருக்கிப் பொதுவா எழுதுற கிளாஸ் பேஸ்டு வியூதான் அழகுன்னே. மூணு வரில என்ன அழகு? காவல் எங்கடா இதுல?”

“மேல பாரு கனி. இது பிள்ளை கிளாஸ். காவல் அப்பன் கிளாஸ்ல இருக்கு. கேன்சல் அழுத்துறது புக் பண்ணுன ஆளு இல்லன்னா வெளிய தள்ளுன்னு அங்க ஒரு தடவை எழுதிட்டேன். இங்க திரும்ப எழுத வேணாம், தானா வந்துரும்.”

“வாயால சொல்லாதே.”

அவளே வளவனுக்குப் போன் போட்டாள். ஓ.டி.பி. கேட்டு வாங்கி, தம்பியின் கணக்கில் உள்ளே போய், துரைராசு புக் பண்ணியிருந்த நாளைய தேதியைத் தேடி கேன்சலை அழுத்தினாள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. அப்பாவின் கணக்கில் போனாள். அதே பதில். தன் கணக்கில் போனாள். அவளையும் வெளியே தள்ளியது.

ஜாஹித் ஆறிப்போன டீயைக் குடித்தான். “மன்னிச்சுக்கடா” என்றாள். ஆனால் கோபம் இறங்கவில்லை. அது போக வேண்டிய இடம் இப்போதுதான் தெரிந்திருந்தது. துரைராசுவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“தலைவரே, நல்லா சோதிச்சுப் பாத்துட்டோம். புக் பண்ணவங்களைத் தவிர வேற ஒருத்தராலயும் கேன்சல் பண்ண முடியாது. உங்க தேதியெல்லாம் உங்க போன்லேர்ந்துதான் கேன்சல் ஆயிருக்கு.”

“அப்ப நானே புக் பண்ணி நானே கேன்சல் பண்றேனா? என்னைப் பாத்தா பைத்தியமாத் தெரியுதா?”

“அது எனக்குத் தெரியாது. என் தம்பி பேரை எழுதிக் குடுங்க. நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன், எல்லார் முன்னாடியும் இதைச் செஞ்சு காட்டுறேன்.”

“நேத்து வரைக்கும் எங்க வயல்ல நாத்துப் பறிச்சவங்க, இன்னைக்கு எனக்கே சட்டம் சொல்றீங்களா? நாளைக்கு மெஷின் என் வயல்லதான் இறங்கும். எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்!”

கனிமொழிக்குக் காது சுட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அந்தப் பக்கம் ஏதோ இழுபறி நடப்பது கேட்டு நிறுத்தினாள். “ஏய், விடுடி!” என்றார் துரைராசு. போன் கை மாறியது. சில நொடிகள் திரையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது.

பேசியது ஆனந்தவல்லி. குரலில் பதற்றமே இல்லை.

“நாளைக்கு உள்ளதையும் இப்பத்தான் கேன்சல் பண்ணேன் கனிமொழி, உங்கப்பாவ மெஷினை எடுத்துக்கச் சொல்லும்மா.”