ஸ்பொஞ்ச் மெத்தை

பக்கவாதத்தில் அசைய முடியாமல் கிடந்த மீராமுகைதீனுக்கு ஊசி போடத் தாதியான நான் தினமும் போனேன். அவர் முதுகுத் தோல் சிவந்திருந்தது.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சரிச்சுப் படுக்க வைங்க. இல்லாட்டிப் புண் வைக்கும்."

"என்ன மிஸ்ஸி, சவூதியில உழைச்சு வாங்கின மெத்தையில புண்ணா?" மகன் ஜவுபர் சிரித்தார்.

நோய் பார்க்க வந்த சனமெல்லாம் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "புள்ளையெண்டா இப்பிடி இரிக்கணும்" என்றது.

நான் விரிப்பைத் தூக்கினேன். கடையில் போட்ட பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. அதன்மேல் வியர்வை தேங்கியிருந்தது.

"இதக் கழட்டுங்க. தோல் அவிஞ்சு போகும்."

"ஏலா மிஸ்ஸி, ஊத்தையாகிடும். தங்கச்சிட மாப்பிள்ளைக்குக் குடுக்கிற மெத்தை."

"கலியாணம் எப்ப?"

தன் வாப்பாவின் காலடியில் இருந்துகொண்டே ஜவுபர் சொன்னார்:

"வாப்பாட நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச கையோட."