தொளதொளப் பாவாடை

யாரும் உட்கார்ந்து புகார் எழுதத் தேவையில்லாத காலம் அது. வாங்கிய பொருளைப் பற்றி வீட்டில் யாராவது குறைப்பட்டுக்கொண்டால் போதும், சுவரில் இருக்கும் உதவிப்பெட்டியே புகாரைப் பதிந்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடும். அதற்கான கட்டணம் விற்றவர் தலையில் விழும்.

திருப்பூரில் குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை தைத்து ஆன்லைனில் விற்கும் பொற்கொடிக்கு, இந்த மாதம் வந்த பணத்தைவிட இப்படிப் போனதே அதிகம். இன்னொரு புகார் வந்தால் விற்பனைத் தளத்தில் அவள் கடையை மூடிவிடுவார்கள். அதுவும் வந்தது, தென்காசியிலிருந்து. ஆதாரமாக வந்த ஒலிப்பதிவை எரிச்சலோடு கேட்டாள்.

"புள்ள மகாலட்சுமி மாதிரி இருக்கா" என்றது பக்கத்து வீட்டுக் குரல்.

"நீங்க வேற. பாவாடை தொளதொளன்னு கெடக்கு, கலரும் எடுபடல" என்றாள் பாவாடையை வாங்கிய இசக்கி.

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டுப் பெட்டியிடம் சொன்னாள்: "இது குறை இல்லைங்க. புள்ளைக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு சொன்னது. வேணும்னா அவங்களையே கேளுங்க."

பெட்டி இசக்கியை அழைத்துப் பொற்கொடியோடு பேசவைத்தது.

"நான் எங்க புகார் குடுத்தேன், அக்கா? எம்மவ அந்தப் பாவாடையக் கழட்டவே விட மாட்டேங்கா."

பணம் திரும்பி வந்தது. கூடவே பக்கத்து வீட்டுக்காரியின் ஆர்டரும் வந்தது.

"யாவாரம் நல்லா போகுதாக்கா?" என்று அடுத்த மாதம் அழைத்துக் கேட்டாள் இசக்கி.

புது ஆர்டர்களுக்கு வெட்டிய துணி மேசை கொள்ளாமல் கிடந்தது. "என்னத்தப் போகுது" என்றாள் பொற்கொடி, பழக்க தோஷத்தில்.

பெட்டி சற்றுத் தயங்கியது. பிறகு மெல்லக் கேட்டது: "இது புகாரா, கண் படாமல் இருக்கச் சொன்னதா?"