நிழல் பாத்தி

சமையலறைக்குப் பின்னால் நிழல். புல் வேர் பிடிக்கவில்லை என்று தரையோடு படரும் செடியாக வாங்கி நட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பாத்தி ஓரம் உட்கார்ந்துதான் கால் நகம் வெட்டுவார்.

"கருமம், அதுலயா போடுவீங்க?"

"உரம்டி. சும்மா இரு."

செடி மெத்தை மாதிரி அடர்ந்தது. இன்று களையெடுக்கக் கொடியைத் தூக்கினால் அடியில் மண்ணே தெரியவில்லை. மஞ்சளாய், தடிப்பாய் நகங்கள் நெருக்கமாக முளைத்து நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன், ஈரச் சதையோடு வந்தது. உதறி எறிந்தேன்.

"செடி நல்லா பிடிச்சிருச்சா?" என்றார் உள்ளேயிருந்து.

ஓரத்தில் ஒரு சின்ன நகம். அதில் நேற்று நான் என் கால் நகங்களுக்குப் பூசிய ஊதா நிற நெயில் பாலிஷ்.

செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். என் சுண்டுவிரலில் நகம் இருந்த இடத்தில் இரண்டு இலை விட்டிருந்தது.