கொயர் பிராக்டிஸ்

“யம்மா, அப்பா பாத்துட்டாரு! வாசல்லயே நிக்காரு! நா செத்தேன்!”

உடை மாற்றும் அறைக்குள் ஓடிவந்த எப்சிபா, வெள்ளை ஜூடோ உடையோடு பெஞ்சுக்குப் பின்னால் பதுங்கினாள்.

“கத்தாதட்டி.” அம்மா தேவகனி கதவைச் சாத்தினாள். “உங்கப்பாவுக்கு இன்னைக்கு ஓட்டல் டியூட்டி. இந்த கிளப்புக்கு அவரு எதுக்கு வாராரு?”

“டியூட்டிலதான் வந்துருக்காரு. எலோடி மேடத்த ஓட்டல் கார்ல கூட்டிட்டு வந்ததே அவருதாம். மேடம் பேக்க தூக்கிட்டு நிக்காரு.”

தேவகனி கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாள்.

எலோடி பிரான்சின் ஜூடோ ராணி. மூன்று முறை உலக சாம்பியன். அவள் ஊரில் ரொட்டி வாங்கப் போனால்கூடக் கூட்டம் கூடிவிடுமாம். இங்கே ஷார்ஜாவிலும் காலையிலிருந்து கையெழுத்துக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. கிளப் பிள்ளைகள் முப்பது பேரில் ஒருவரை அழைத்து அவள் விளையாடிக் காட்டப் போகிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூடோவில் எப்சிபாவின் இடது தோள் எலும்பு உடைந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஜான் பீட்டர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். “கலாஸ், முடிஞ்சுது. இனி ஜூடோவே கெடையாது” என்றார். அந்தத் தடை ஆறு மாதம்தான் தாங்கியது. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் ஆராதனை முடிந்ததும் தாயும் மகளும் இங்கே வந்துவிடுவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் சர்ச் கொயர் பிராக்டிஸ்.

“இனி ஜென்மத்துக்கும் விட மாட்டாரும்மா. ஜூடோ போச்சு.”

“நா பேசிக்கிடுதேன். ஏசுனா என்னய ஏசட்டும்.”

“ஏசத்தான் செய்வாரு. பொய்யில நீதான சீனியர்!”

கதவு தடதடத்தது. கோச் மஹ்மூது. “எப்சிபா! யல்லா, யல்லா, சீக்கிரம்! மேடம் உன் பேரைச் சொல்லிக் கேட்கறாங்க!”

“முப்பது பேர்ல நானா?”

எப்சிபா விரிப்பில் ஏறினாள். வாசலில் அப்பா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலோடி அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினாள்.

“மூணு நாளா என் டிரைவர் உன்னைப் பத்தி மட்டும்தான் பேசறார். எல்லாரும் என்கிட்ட கையெழுத்து கேட்பாங்க. அவர் கேட்டது வேற. ‘அவ இடது தோளைத் தொடாதீங்க மேடம். அவ உங்களைத் தூக்கிப் போடட்டும்’னு.”

எப்சிபா எலோடியின் சட்டையைப் பிடிக்கவும் மறந்தாள்.

“அப்புறம், தூக்கும்போது உனக்கு வலது கால் கொஞ்சம் லேட்டா வருதாம். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தானாம்” என்று எலோடி கண் சிமிட்டினாள்.

எப்சிபா சட்டென்று வாசலைப் பார்த்தாள். ஜான் பீட்டர் அவசரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இத்தனை வெள்ளிக்கிழமையும் இந்த மனுஷன் எந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தார்?