மு. சங்கிலிபூதத்தான்

கனடாவில் இருக்கும் மனைவியிடம் போய்ச் சேர, சங்கிலிபூதத்தானுக்கு ஒரு காகிதம்தான் பாக்கி: இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ்.

"உம்ம பேர்ல அடிதடி கேஸ் ஒண்ணு கெடக்கே வே. ஆளு அகப்படலன்னு எழுதியிருக்கு" என்றார் ஏட்டு.

குலசாமி பெயரைத்தான் ஊரில் பாதிப் பேருக்கு வைத்திருக்கிறார்கள். அப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகிவிட்டால், யார் எவர் என்பது அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

"அது நான் இல்லய்யா."

"அப்ப அந்த ஆளைக் காட்டும்."

டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினார். மறுநாள் காலை, அவர் பார்த்தேயிராத ஒருவர் நெற்றி நிறையத் திருநீறும், மாற்று வேட்டி மடித்த துணிப்பையுமாகக் காவல்நிலைய வாசலில் நின்றார்.

"கோயில் கொடைத் திருவிழாவுல அடிச்சது நான்தான் அண்ணாச்சி. நானும் சங்கிலிபூதத்தான்தான்."

இவர் அவரை ஓரமாக இழுத்தார். "உள்ள தூக்கிப் போட்டுருவாங்களே! எதுக்குவே வந்தீரு?"

"சாமி குடுத்த பேரு. என்கிட்ட கெட்டுக் கெடக்கு. உம்மகூடயாவது கடல் தாண்டட்டும். அங்க உள்ளவன் வாயில நுழையுதான்னு மட்டும் பாரும்."

நன்றி சொல்வதா, ஓடிப்போம் என்று விரட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று இவருக்குப் புரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து ஏட்டின் குரல் வந்தது:

"யாருவே சங்கிலிபூதத்தான்? உள்ள வாரும்!"

இருவரும் ஒன்றாகச் செருப்பைக் கழற்றினார்கள்.