பழுப்புப் புள்ளிகள்

அடையாறு அலுவலகத்தின் ஏ.சி. குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தியமங்கலம் மலையிலிருந்து வந்திருக்கும் ரங்கி, வரைபடம் தயாரிக்கும் நீரஜாவின் கம்ப்யூட்டர் முன் நிற்கிறாள். செயற்கைக்கோள் படமெடுத்த ரங்கியின் காடு, திரையில் மாசுமறுவில்லாத பச்சையாக மின்னுகிறது. தலைமுறை தலைமுறையாக அதற்குள் குடியிருந்து அதைக் காத்துவருகிறோம் என்று வனத்துறையிடம் காட்ட, அவள் ஊரார் கேட்ட படம் அது.

"ஓடை இது. பெரும்பாறை இது. எங்க ஊரு எங்க, அம்மிணி?"

நீரஜா மவுஸை உருட்டி ஓடையோரத்தைப் பெரிதாக்குகிறாள்; அங்கேயும் பச்சைதான். ஓடையோரம் சிதறிக் கிடந்த பழுப்புப் புள்ளிகளைப் படத்தின் தூசு என்று நினைத்து, நேற்று அவள்தான் ஒன்றுவிடாமல் அழித்தாள். பிரின்டர் கரகரவென்று பிரதியைத் துப்பிக்கொண்டிருக்கிறது. ரங்கி வெறும் பச்சையின் மேல் விரலை வைக்கிறாள்.

"இங்கதான அம்மிணி, எம்புள்ளையத் தூங்க வெச்சுட்டு வந்தேன்?"